மூங்கில் கட்டிய வாய்: நெசுக்கோ என்ற பாத்திரம் குறித்துச் சில எண்ணங்கள்

சித்திரக்கதை என்றதும் நம்மிற் பலர் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். சிறுவர் பொழுதுபோக்குத்தானே, அதில் விமர்சிக்க என்ன இருக்கிறது என்று கேட்போம். நானும் நீண்ட காலம் அப்படிக் கேட்டவன்தான். ஆனால் வாசித்து முடித்துப் பல நாட்களான பின்பும் ஒரு பாத்திரம் மனதை விட்டு அகலாமல் நின்று, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்குமானால், அது எந்த வடிவத்தில் பிறந்தது என்பது இரண்டாம் பட்சமாகிவிடுகிறது. என்னை அவ்வாறு தொந்தரவு செய்தவள் நெசுக்கோ. சாபம் தீண்டிய, மென்மையான, அநேகமாக ஒரு வார்த்தையும் பேசாத பெண்.

அவள் இடம்பெறும் கதையின் பெயர் ‘கிமெட்சு நோ யைபா’. அரக்கரை அழிக்கும் வாள் என்று பொருள் கொள்ளலாம். ஜப்பானின் ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ இதழில் 2016 பெப்ரவரி முதல் 2020 மே வரை தொடராக வந்து, 205 அத்தியாயங்களில், 23 தொகுதிகளில் நிறைவு பெற்றது. எழுதி வரைந்தவர் கொயொஹாரு கொட்டோகே. வெளியே முகம் காட்டாதவர். தன்னைப் படமாகப் போட நேர்ந்தால் கண்ணாடி அணிந்த ஒரு முதலையை வரைந்துவிடுபவர். 2019 இல் இது தொலைக்காட்சித் தொடரானது. 2020 ஒக்டோபரில் இதன் ஒரு பகுதி திரைப்படமாக வந்தது. அது ஜப்பானில் 4000 கோடி யென்னுக்கு மேல் வசூலித்து, ஹயாவோ மியசாகியின் படமொன்று 2001 முதல் தன்வசம் வைத்திருந்த சாதனையை முறியடித்தது. இவ்வளவு பேர் பார்த்த ஒரு கதையின் நடுவில் வாய் கட்டப்பட்ட ஒரு பெண் இருக்கிறாள் என்பதே என் கவனத்தை ஈர்த்தது.

கதை நிகழும் காலம் தாய்ஷோ யுகம். அதாவது 1912 முதல் 1926 வரையிலான காலத்தின் முற்பகுதி. பனி மூடிய மலையில் கரி சுட்டு விற்றுப் பிழைக்கும் ஒரு குடும்பம். தகப்பன் இல்லை. மூத்தவன் தன்ஜிரோ கரிக்கூடையுடன் கீழே ஊருக்கு இறங்குகிறான். இருட்டிவிட்டதால் அன்றிரவு வழியில் ஒருவர் வீட்டில் தங்கி, விடிந்ததும் திரும்பி வருகிறான். வீட்டுவாசலில் இரத்தம். தாயும் தம்பி தங்கையரும் கொல்லப்பட்டுக் கிடக்கிறார்கள். மூத்த தங்கை நெசுக்கோ, கடைக்குட்டி ரொக்குட்டாவைத் தன் உடலால் மூடியபடி விழுந்து கிடக்கிறாள். அவளில் மட்டும் சூடு இருக்கிறது. அவளை முதுகில் சுமந்துகொண்டு வைத்தியரைத் தேடிப் பனியில் இறங்குகிறான். வழியில் அவள் அரக்கியாக மாறிவிடுகிறாள்.

இந்தச் சாபத்தின் இலக்கணத்தைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். முசான் என்ற ஆதி அரக்கனின் இரத்தம் உடலில் கலந்தால் மனிதன் அரக்கனாகிறான். காயங்கள் தாமாகவே ஆறிவிடும். வெயில் பட்டால் சாம்பலாகிவிடுவான். மனித மாமிசம் இன்றிப் பசி அடங்காது. கண் விழித்ததும் அருகில் இருப்பவர்களை, பெரும்பாலும் சொந்தக் குடும்பத்தையே, முதலில் உண்கிறான். அன்பு வைத்தவர்கள்தான் முதற் பலி என்பதே சாபத்தின் கொடுமை. ஆகவே நெசுக்கோவுக்கு முன்னால் உள்ள சோதனை, பொதுவாக மனிதரைக் கொல்லாதிருப்பது என்பதிலும் நெருக்கமானது. தன்னைச் சுமந்து செல்லும் அண்ணனை உண்ணாதிருக்க வேண்டும்.

ஜப்பானிய மரபில் பெண் அரக்கியாவது புதிய விடயமன்று. நோ நாடகத்தின் ‘ஹன்யா’ முகமூடியைப் படத்திலேனும் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். இரண்டு கொம்புகள், காது வரை கிழிந்த வாய், வெளியே தெரியும் கோரைப் பற்கள். பொறாமையாலும் ஏமாற்றத்தாலும் வெந்துபோன பெண்ணின் முகம் அது. தோஜோஜி கோயிற் கதையில், தன்னை ஏமாற்றி ஓடிய துறவியைத் துரத்திய கியோஹிமே பாம்பாக மாறி, அவன் ஒளிந்த மணியையே சுற்றி வளைத்து அவனை எரித்துவிடுகிறாள். அந்த மரபில் பெண்ணின் சாபம் அவளது சொந்த உணர்ச்சியிலிருந்து பிறக்கிறது. அவளே தன் சாபத்துக்குப் பொறுப்பாளி. திறந்த வாய் அதற்கு அடையாளம்.

நெசுக்கோ இந்த மரபைத் தலைகீழாக்கியவள். அவளது சாபம் அவளுக்குள்ளிருந்து வந்ததல்ல. யாரோ ஒருவன் வீட்டுக்குள் புகுந்து அதை அவள் மேல் போட்டுவிட்டுப் போனான். ஹன்யாவின் வாய் திறந்திருக்கிறது. இவள் வாயிலோ ஒரு மூங்கிற் துண்டு கடிக்கக் கொடுக்கப்பட்டுக் கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. அவள் உடுத்தியிருக்கும் இளஞ்சிவப்புக் கிமோனோவில் சணல் இலைக் கோலம். குழந்தைகள் நோய் நொடியின்றி நிமிர்ந்து வளர வேண்டும் என்று அவர்களின் உடுப்பில் தாய்மார் இடும் பழைய கோலம் அது. அந்தக் கோலமும் அந்த மூங்கிலும் ஒரே உடலில் இருப்பதைக் கொட்டோகே எங்கும் விளக்கவில்லை. வரைந்து காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

மூங்கிலைக் கட்டியவர் டொமியொக்கா என்ற வாள்வீரர். அரக்கியைக் கண்டதும் வெட்ட வந்தவர் அவர். பனியில் மண்டியிட்டுக் கெஞ்சும் தன்ஜிரோவை அவர் கடுமையாகத் திட்டுகிறார். உயிரா மரணமா என்ற முடிவைப் பிறர் கையில் ஒப்படைக்காதே என்பது அதன் சாரம். பிறகு அவன் அடிபட்டு மயங்கி விழும்போது நெசுக்கோ பாய்கிறாள். அண்ணனை உண்ணப்போகிறாள் என்றே நாமும் எண்ணுகிறோம். அவளோ அவனை மறைத்து நின்றுகொண்டு அந்த வாள்வீரரை எதிர்க்கிறாள். உருமாற்றத்தில் சக்தி எல்லாம் கரைந்து, பசி உச்சத்தில் இருக்கும் வேளை அது. டொமியொக்காவின் வாள் தாழ்கிறது. ஆயினும் மூங்கில் கட்டப்படுகிறது. நம்பிக்கையும் சந்தேகமும் ஒரே கையால் அளிக்கப்படும் இடம் இது. கதை முழுவதும் நெசுக்கோவின் நிலை இதுவேதான்.

இனி என் கேள்விக்கு வருகிறேன். நெசுக்கோவை எல்லோரும் மென்மையானவள் என்கிறார்கள். வாயைக் கட்டிய பிறகு ஒருத்தி கடிக்காதிருப்பதை மென்மை என்று எப்படிச் சொல்வது? அந்தப் பொறுமை அவளுடையதா, மூங்கிலுடையதா?

கொட்டோகே இந்தக் கேள்வியை அறியாமல் எழுதவில்லை. ஆரம்பத்திலேயே அதை இன்னும் சிக்கலாக்குகிறார். தன்ஜிரோ வாள் பயிலும் 2 வருடங்களும் நெசுக்கோ உறங்குகிறாள். அந்த உறக்கத்தில், மனிதர் எல்லோரும் உன் குடும்பத்தார், அரக்கர் உன் எதிரிகள் என்ற எண்ணத்தை ஆசான் உரொகொடாக்கி அவள் மனதில் விதைக்கிறார். அப்படியானால் அவள் நல்லவளாக இருப்பது இன்னொருவர் ஊட்டிய மயக்கத்தினாலா?

இதற்கு விடையாகத் தமாயோ என்ற மருத்துவப் பெண்ணின் வீட்டுக் காட்சி வருகிறது. தமாயோவும் அரக்கிதான். ஒரு காலத்தில் சொந்தக் கணவனையும் பிள்ளையையும் உண்டுவிட்டு, அந்தக் குற்றத்தைச் சுமந்தபடி முசானுக்கு எதிராக வாழ்பவள். ஊட்டப்பட்ட எண்ணத்தின்படி நெசுக்கோ அவளைத் தாக்க வேண்டும். அவள் செய்வது வேறு. தமாயோவைக் கட்டி அணைக்கிறாள். கூடவே நிற்கும் முரட்டு இளைஞன் யுஷிரோவின் தலையைத் தடவிக் கொடுக்கிறாள். அரக்கர்களை அவள் மனிதராகப் பார்த்துவிட்டாள். தங்கைக்கு அப்படியொரு எண்ணம் ஊட்டப்பட்டது தனக்கு உள்ளூரப் பிடிக்கவில்லை என்றும், அவளுக்கென்று ஒரு மனம் இருப்பது இப்போது தெரிகிறது என்றும் தன்ஜிரோ சொல்கிறான். தமாயோ அழுகிறாள். யார் மனிதர் என்று தீர்மானிக்கும் உரிமையை, மனிதப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட ஒருத்தி கையில் எடுக்கும் கணம் அது. என் பார்வையில் முழுக்கதையின் ஆணிவேர் இந்தக் காட்சியிலேயே இருக்கிறது.

ஆனால் உலகம் அந்தச் சின்ன வீட்டுக்குள் அடங்குவதல்ல. விசாரணைக் காட்சிக்கு வருவோம். அரக்கரைக் கொல்லும் படையின் தலைமை இல்லம். ‘தூண்கள்’ என்ற பட்டம் தாங்கிய 9 வாள்வீரர்கள் கூடியிருக்கிறார்கள். தன்ஜிரோ கைகட்டப்பட்டுக் கிடக்கிறான். நெசுக்கோ வெயில் படாத மரப்பெட்டிக்குள் இருக்கிறாள். அவள் யாரையும் உண்டதில்லை; யாரும் அவள் மேல் குற்றம் சாட்டவுமில்லை. விசாரிக்கப்படுவது அவள் செய்தது என்ன என்பதல்ல, அவள் யார் என்பது. நாளை உண்ணமாட்டாள் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்பதே வாதம். இதற்கு எந்த மனிதனால் பதில் சொல்ல முடியும்?

பிணைக்கு ஒரு கடிதம் வாசிக்கப்படுகிறது. நெசுக்கோ ஒரு மனிதரைத் தாக்கினால் தன்ஜிரோ, உரொகொடாக்கி, டொமியொக்கா மூவரும் வயிற்றைக் கிழித்து மாள்வார்கள். 2 வருடத்துக்கு மேலாக அவள் எவரையும் உண்ணவில்லை என்பது உண்மை, அதற்கு 3 உயிர்கள் பிணை நிற்கின்றன, மறுப்பவர் அதற்கு ஈடாக எதையேனும் முன்வைக்க வேண்டும் என்கிறார் தலைவர் உபுயாஷிகி. நிதானமான, நியாயமான பேச்சு. ஆனால் சனேமி என்ற தூணுக்கு அது போதவில்லை. ஏற்கெனவே பெட்டியினூடாக வாளைச் செருகியவன் அவன். இப்போது நிழலுக்குள் பெட்டியைத் தூக்கிச் சென்று மீண்டும் குத்தித் திறக்கிறான். தன் கையைக் கீறி இரத்தம் சொட்டும் கரத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டுகிறான். அவனது இரத்தம் அரக்கரை மயக்கும் அபூர்வ இரத்தம் என்பதைப் பின்னரே அறிகிறோம். எச்சில் வடிய, மூச்சு வாங்க அவள் நிற்கிறாள். அண்ணனின் குரல் கேட்கிறது. செத்துப்போன வீட்டாரின் முகங்கள் வந்துபோகின்றன. பிறகு அவள் முகத்தைப் படக்கென்று மறுபக்கம் திருப்பிக்கொள்கிறாள்.

அந்தத் திருப்பலை கொட்டோகே வரைந்த விதம் கவனிக்கத்தக்கது. தியாகியின் துயரம் அதில் இல்லை. பிடிக்காத சாப்பாட்டை நீட்டும்போது கோபித்துக்கொள்ளும் வீட்டுப் பிள்ளையின் செய்கை போலிருக்கிறது. பெரியவர்கள் வாளோடு நடத்திய சோதனையை ஒரு சிறுமியின் அலட்சியம் வென்றுவிடுகிறது. 3 முறை குத்தப்பட்டும் அவள் கடிக்கவில்லை என்று தலைவரின் பிள்ளை அவருக்கு அறிவிக்கிறாள். சபை ஏற்கிறது. ஆனால் உடனேயே தலைவர் தன்ஜிரோவிடம் சொல்வதைப் பாருங்கள்: இன்னும் பலருக்கு இவள் மேல் நல்லெண்ணம் இல்லை; ஆகவே இனிமேலும் நிரூபித்துக் காட்ட வேண்டும். உடலில் 3 குத்துகள் வாங்கிய பின்னரும் நிரூபணம் முடியவில்லை. குற்றமற்றவரிடமே சாட்சி கேட்கும் சபை எத்துணை கண்ணியமானவர்களால் ஆனதாக இருப்பினும், அதன் பசி அரக்கரின் பசியைப் போலவே அடங்குவதில்லை. இதை ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததே நல்லது.

சனேமியையும் அவர் வெறும் கொடியவனாக விட்டுவிடவில்லை. அவனுடைய தாய் அரக்கியாகி அவன் உடன்பிறப்புகளைக் கொன்றவள். மற்றவர்களைக் காக்க அந்தத் தாயைத் தன் கையாலேயே கொன்றவன் அவன். நெசுக்கோ கடிக்காதிருக்க முடியும் என்றால், அவனுடைய தாய் ஏன் கடித்தாள்? அவன் வாளுக்குப் பின்னால் இருந்தது இந்தக் கேள்வி. சந்தேகத்துக்கும் ஒரு துயரம் இருக்கக்கூடும் என்று காட்டுவது பெரிய மனதுள்ள எழுத்து.

நெசுக்கோ ஒருபோதும் தடுமாறாதவள் என்று எண்ணிவிடக்கூடாது. யொஷிவாரா களியாட்டப் பகுதியில் நடக்கும் போரில் அவள் நெற்றியில் ஒற்றைக் கொம்பு முளைக்கிறது. சிறுமி உருவம் வளர்ந்த பெண்ணாகிறது. மூங்கில் உடைந்து போகிறது. எதிரியை மிதித்துத் துவைத்தபின், இரத்தம் கசியும் ஓர் அப்பாவிப் பெண்ணை நோக்கித் திரும்புகிறாள். தன்ஜிரோ வாளுறையை அவள் வாயில் கொடுத்துப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடிக்கிறான். கடைசியில் தாய் பாடிய தாலாட்டே அவளை அடக்குகிறது, அழுதழுது உறங்கிப்போகிறாள். மூங்கில் வீண் அல்ல, அவளுக்குள் ஆபத்து மெய்யாகவே இருக்கிறது என்பதை ஆசிரியர் மறைக்காமல் வைத்தது நேர்மை. அந்த ஆபத்து இல்லையென்றால் அவளது மறுப்புக்கு விலையே இருந்திராது. கடிக்க இயலாதவர் கடிக்காமல் இருப்பதில் என்ன மென்மை இருக்கிறது?

அதே போரின் இடையில் வரும் ஒரு நினைவுதான் என் கேள்விக்கு நேரான பதில். மயங்கிக் கிடக்கும் தன்ஜிரோவின் மனதில், சாபம் தீண்டுவதற்கு முந்திய நெசுக்கோ தோன்றுகிறாள். பழைய கிமோனோவையே தைத்துத் தைத்து உடுத்துபவள். புதிது வாங்கித் தர முடியவில்லையே என்று வருந்தும் அண்ணன் மீது அவள் கோபப்படுகிறாள். எதற்காக எப்போதும் மன்னிப்புக் கேட்கிறாய், ஏழை என்றால் பாவப்பட்டவர்களா, நான் மகிழ்ச்சியாக இருக்கிறேனா என்பதை நான் அல்லவா தீர்மானிக்க வேண்டும் என்ற தொனியில் அவள் பேச்சு நீளுகிறது. எத்தகைய வாய்! மூங்கிலுக்குப் பின்னால் அடைபட்டிருப்பது இந்த வாய்தான். மென்மையானவள் என்றால் எதிர்த்துப் பேசாதவள் என்று நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். இந்தப் பெண் அன்பாலேயே சண்டை பிடிப்பவள். சாபம் அவளிடமிருந்து மனிதத் தன்மையைப் பறிக்கவில்லை, பேச்சைத்தான் பறித்தது. அவளது மௌனத்தைப் பார்த்து அதுதான் அவளது குணம் என்று நினைத்த வாசகர் தம் பிழையை இங்கே உணர்கிறார். நானும் உணர்ந்தேன்.

வாளுருக்குவோர் கிராமத்தின் விடியலில் இந்த இழை உச்சத்துக்கு வருகிறது. சூரியன் எழுகிறது. நெசுக்கோ எரியத் தொடங்குகிறாள். தன்ஜிரோ அவளைத் தன் உடலால் மறைக்கிறான். அப்பால் கிராமத்தவர் சிலரை அரக்கன் துரத்திக்கொண்டிருக்கிறான். தங்கையைக் காப்பதா, அவர்களைக் காப்பதா? அவனால் முடிவெடுக்க முடியவில்லை. முடிவை அவள் எடுக்கிறாள். அண்ணனைக் காலால் உதைத்து அந்தத் திசையில் தள்ளிவிட்டு, எரிந்துகொண்டே புன்னகைக்கிறாள். தொடக்கத்தில் டொமியொக்கா பனியில் திட்டிச் சொன்ன பாடத்தை அண்ணனுக்கு முன்னரே அவள் கற்றுவிட்டாள். அரக்கனை வெட்டிவிட்டு அவன் அழுதுகொண்டு நிற்கையில், வெயிலில் எரியாமல் நிற்கும் நெசுக்கோ காலை வணக்கம் சொல்கிறாள். இத்தனை தொகுதிகளுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வரும் முதற் பேச்சு, எந்த வீட்டிலும் எந்தக் காலையிலும் சொல்லப்படும் சாதாரணச் சொல்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஆசிரியரோடு கருத்து வேறுபாடு தொடங்குகிறது. பேச்சு வந்துவிட்டது, ஆனால் அது மழலைப் பேச்சாகவே நிற்கிறது. பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறாள். வெயிலை வென்றதனாலேயே முசான் அவளை விழுங்கத் தேடுகிறான். எனவே அவளை ஒளித்துவைக்கிறார்கள். இறுதிப் பெரும் போரின் அதிக பகுதியில் நெசுக்கோ, மீண்டும் மனுஷியாக்கும் மருந்தை அருந்திவிட்டு உறங்குகிறாள். மிகப் பெரிய வல்லமை பெற்றவள் அடைந்த கணமே பாதுகாக்கப்பட வேண்டிய பொருளாகிவிட்டாள். ‘ஷோனென்’ என்றால் பையன்கள் என்று பொருள். இது பையன்களின் இதழில் வந்த கதை. வளர்வதும் பயில்வதும் வெல்வதும் அண்ணனின் பங்கு. தங்கை அவன் வளர்ச்சிக்குக் காரணமாக மட்டும் இருந்தாற் போதும் என்ற பழைய வழக்கம், இவ்வளவு தூரம் அதை மீறி வந்த கொட்டோகேயையும் கடைசியில் இழுத்துப் பிடித்துவிட்டது. அந்த மழலையைக் கண்டு உருகும் வாசகர்கள் பலர். உருகும்போதே அண்ணனைக் கடிந்துகொண்ட அந்தப் பெண் எங்கே போனாள் என்றும் அவர்கள் கேட்டிருக்க வேண்டும்.

ஆயினும் முடிவில் ஆசிரியர் ஒரு கடனைத் தீர்க்கிறார். சாகும் தறுவாயில் முசான் தன் இரத்தத்தைத் தன்ஜிரோவுக்குள் செலுத்திவிடுகிறான். இப்போது அண்ணன் அரக்கன், தங்கை மனுஷி. ஓடி வந்த நெசுக்கோ அவனைக் கட்டிப் பிடித்து, அவன் காயப்படுத்தியும் கைகளைத் தளர்த்தாமல் நிற்கிறாள். மூங்கில் இல்லை, கொம்பு இல்லை, வல்லமை எதுவுமில்லை. வீட்டுக்குப் போகலாம் என்று அழைக்கும் குரல் மட்டும் இருக்கிறது. சபைக்கு முன் அவன் அவளுக்குப் பிணை நின்றான்; இப்போது அவள் தன் உடலையே அவனுக்குப் பிணையாக வைக்கிறாள். எல்லாம் ஓய்ந்தபின், அவளை 3 முறை குத்திய சனேமி அவளை எதிர்கொள்ளும் ஒரு சிறு காட்சி உண்டு. அவன் மெதுவாக அவள் தலையைத் தடவிக் கொடுக்கிறான். முன்பு யுஷிரோவின் தலையில் அவள் வைத்த கை, சுற்றிச் சுழன்று அவள் தலைக்கே திரும்பி வந்தது போலிருக்கிறது.

நெசுக்கோ இந்தக் காலத்தின் மிகச் சிறந்த பாத்திரம் என்று நான் சொல்ல வரவில்லை. அவளைப் படைத்தவரே அவளுக்கு முழு நீதி செய்யவில்லை. ஆனால் சந்தேகிக்கப்படுபவரின் பொறுமையை நாம் எப்படிப் புகழ்கிறோம் என்று அவள் நம்மைத் திருப்பிக் கேட்க வைக்கிறாள். அமைதியாக இருந்தாள், ஆகவே நல்லவள் என்பது சபையின் தீர்ப்பு. கதையின் தீர்ப்பு வேறு. அவள் முன்னரும் நல்லவள்தான், பேசிக்கொண்டிருந்தபோதும் நல்லவள்தான். அவளது நன்மைக்கு அத்தாட்சி தேடி மூங்கிலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், அதற்குப் பின்னால் இருந்த வாயை மறந்துபோனார்கள்.